கண்ணாடிக் குழாயைக் கழுவியவர்: அவசர சிகிச்சைப் பிரிவும் பாதுகாப்பு மனப்பாங்கும்

‘நானே நோயாளியாகப் படுக்க நேர்ந்தால், இந்தப் பிரிவில் எனக்குப் பாதுகாப்பான சிகிச்சை கிடைக்கும் என்று நம்புகிறேன்.’ நோயாளிப் பாதுகாப்பைப் பற்றி மருத்துவமனை ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பதற்குப் பல நாடுகளில் பயன்படும் ஒரு வினாப்பட்டியலில் இந்தப் பொருளில் ஒரு வாசகம் உண்டு. இதை ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரும் இப்படிக் கட்டம் போட்டுக் கேட்பதில்லை. நோயாளியோடு வந்தவர், முகம் தெரிந்த செவிலியரை வராந்தா ஓரமாக அழைத்து, “உங்க வீட்டு ஆளா இருந்தா இங்கயே வெச்சிப்பீங்களா சிஸ்டர், இல்ல சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார். இரண்டும் ஒரே கேள்விதான். அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், வராந்தாவில் கேட்கப்படும் கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கட்டம் போட்ட கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது, இந்த மாவட்டங்களில் அதற்கு என்ன பொருள் என்பது விளக்கத்துக்குரியது.

மனப்பாங்கு என்றதும் நல்லவர், சிடுமூஞ்சி, பொறுமைசாலி என்று ஆளின் குணத்துக்குப் போய்விடுவது நம் வழக்கம். ஆய்வாளர்கள் அளக்க முனைவது வேறு. தவறு நடந்தால் இங்கே என்ன ஆகும், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்லலாம், சொன்னால் காதில் வாங்குவார்களா, களைத்துப் போனேன் என்று ஒப்புக்கொள்ள முடியுமா என்பன குறித்து ஒரு பிரிவில் வேலை செய்கிறவர்கள் மனத்தில் பொதுவாகப் படிந்திருக்கும் நம்பிக்கையையே அவர்கள் அளக்கிறார்கள். நரம்பு பார்த்து ஊசி போடத் தெரிந்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்தக் கை தவறான மருந்துக் குப்பியை எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் வாய் திறப்பாரா என்பது இந்த நம்பிக்கையைப் பொறுத்தது.

இந்த வினாப்பட்டியலின் பிறந்த வீடு மருத்துவமனை இல்லை, விமானம். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான ஓடுபாதையில், மூடுபனிக்கு நடுவே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே ஓட்டத் தொடங்கிய விமானத்தில், எதிரே உள்ள விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தை விமானப் பொறியாளர் கேட்கத்தான் செய்தார். அனுபவம் மிகுந்த தலைமை விமானி விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னதும் அந்த ஐயம் அதோடு அடங்கிவிட்டது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இயந்திரக் கோளாறைக் காட்டிலும் அறைக்குள் இருப்பவர்களின் பேச்சுக் கோளாறு பல உயிர்களைக் குடிக்கிறது என்பது வான்போக்குவரத்துத் துறைக்கு உறைத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ராபர்ட் ஹெல்ம்ரைக் விமானிகளின் மனப்பாங்கை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார். அதை அடியொற்றி அவரும் பிரையன் செக்ஸ்டனும் மற்றவர்களும் மருத்துவமனைக்காக அமைத்த பாதுகாப்பு மனப்பாங்கு வினாப்பட்டியல், அதன் அளவீட்டுத் தன்மைகளோடு 2006-இல் ஆய்விதழில் வெளியானது. நம் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் பணியில் ‘பைலட்’ என்றுதான் பெயர். அந்தப் பெயரோடு விமானத் துறையின் இந்தப் பாடமும் வண்டியேறி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வினாப்பட்டியல் ஆறு துறைகளைத் தொடுகிறது: குழுவாக வேலை செய்யும் சூழல், பாதுகாப்புச் சூழல், வேலையில் மனநிறைவு, மன அழுத்தத்தை உணர்ந்து ஒப்புக்கொள்ளுதல், நிர்வாகத்தைப் பற்றிய எண்ணம், பணிச்சூழல். பதில்கள் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றன. 75-உம் அதற்கு மேலும் இருந்தால் சாதகமான மனப்பாங்கு என்று கொள்வது மரபு. சராசரியை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதே குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், செவிலியர்களோடு தங்கள் ஒத்துழைப்பு நன்றாக இருப்பதாக மருத்துவர்களில் 73 விழுக்காட்டினர் சொன்னார்கள்; மருத்துவர்களோடு ஒத்துழைப்பு நன்றாக இருப்பதாகச் சொன்ன செவிலியர்கள் 33 விழுக்காடுதான். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே நோயாளி. ஆனால் ஒருவருக்குச் சுமுகமாகத் தெரிந்தது இன்னொருவருக்கு அப்படித் தெரியவில்லை. இந்த இடைவெளியை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த எண்கள் பயன்படும். எங்கள் பிரிவில் இதை எண்ணாமலே அறிவோம். சத்தமே இல்லாத டியூட்டியை மருத்துவர் ‘நல்ல டீம்’ என்பார். செவிலியர் அறைக்குள் அதற்கு வேறு பெயர் உண்டு.

இனி இந்த மண்ணுக்கு வருவோம். தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தர்மபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளி அருகே அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டையும் தைத்துக்கொண்டு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. கிருஷ்ணகிரியில் சென்னை – பெங்களூரு சாலை அதனோடு சேர்கிறது. தொப்பூர் கணவாயின் இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிய லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போன நான்கைந்து வண்டிகளை அள்ளிக்கொண்டு நின்றால், அடுத்த அரை மணிக்குள் ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். இன்னொரு பக்கம் பாம்புக்கடி, பூச்சிமருந்து, அரளி விதை, மாங்காய் பறிக்க ஏறி விழுந்தவர், பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நேரம் கடந்து வந்து சேரும் பிரசவ இரத்தப்போக்கு. பெருநகர மருத்துவமனையில் நான்கு சிறப்புப் பிரிவுகளுக்குப் பிரிந்து போகும் நோயாளிகள் இங்கே ஒரே கதவு வழியாக, பெரும்பாலும் ஒரே டியூட்டி டாக்டரின் முன் வந்து நிற்கிறார்கள்.

கட்டமைப்பு முன்பைவிடத் தேறியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2008-இல் தமிழகத்தில் 108 சேவை வந்தது. ‘தாய்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ், வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவைக் கொண்டு தரம்பிரிக்கும் முறை நிலைபெற்றது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்டு நிற்கும் நிலை மாறியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தரம்பிரிப்பது என்பது, யார் உரக்கக் கத்துகிறாரோ அவரை முதலில் பார்ப்பதாகத்தான் இருந்தது. இப்போது கத்த முடியாமல் கிடப்பவர் சிவப்புப் பகுதிக்குப் போகிறார். இது சிறிய மாற்றமன்று. ஆயினும், நோயாளியின் ஆபத்தைக் காட்டும் பட்டையின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு செவிலியருக்குத் தோன்றும்போது அதைச் சொல்வதற்கு அவருக்குத் தைரியம் இருக்க வேண்டும் என்பதையும் அந்த முறையே எதிர்பார்க்கிறது. பட்டையை அரசாங்கம் வாங்கிக் கொடுத்துவிடும், அந்தத் தைரியத்தை யார் கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

பேச்சுவார்த்தையில் வழுக்கும் இடங்கள் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி. இங்கே இரண்டைச் சொல்லலாம். முதலாவது பெயர். தர்மபுரிப் பக்கம் மாது, மாதையன், மாதப்பன், மாதம்மாள் என்று ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு. குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும்தான். ஒரே இரவில் மா. முனியப்பனும் மு. மாதப்பனும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தால், இரத்தப் பையை மாட்டப் போகிறவர் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. மயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் ‘ம்’ என்பார். நெடுஞ்சாலை விபத்தில் வருகிறவருக்குப் பல நேரம் அந்தப் பெயரும் இருக்காது, ‘அடையாளம் தெரியாத ஆண், சுமார் 40 வயது’ என்று ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறுவார், அப்படி இரண்டு பேர் வந்த இரவும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளில் நோயாளியை அடையாளம் காண்பது ஒன்றாக இடம்பெற்றதை, இங்கே வேலை செய்தவர்கள் மிகையென்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது மொழி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்து நோயாளிகளின் வீட்டுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பிள்ளைகளுக்கு இந்தி மட்டுமே தெரிந்திருக்கும். தமிழே பேசினாலும் தப்பவில்லை. “மருந்து சாப்பிட்டுட்டாரு சிஸ்டர்” என்று பதறி வருகிற கிராமத்து உறவினர், பூச்சிமருந்தைச் சொல்கிறாரா, சர்க்கரை மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியதைச் சொல்கிறாரா என்பதை வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஒருவர் உடனே பிரித்தறிய முடியாது. எங்கள் ஊர்ப் பேச்சில் மருந்து என்பது கொல்லைக்கு அடிப்பதும்தான். இதை அறிந்த பழைய ஊழியர் ஒருவர் குறுக்கிட்டு, “என்ன மருந்து, பாட்டிலைக் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டால் ஐந்து நிமிடம் மிச்சமாகும். குறுக்கிடுவது மரியாதைக்குறைவு என்று அவர் எண்ணினால் அந்த ஐந்து நிமிடம் போய்விடும்.

குறுக்கிடுவது என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இந்த இரு மாவட்டங்களுக்குள் நடந்தது என்பது போதும். கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று மாலையில் கொண்டுவந்தார்கள். பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. காலில் பல் தடம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது, வீக்கம் சொல்லும்படி இல்லை. இத்தகைய நிலையில் கைகொடுப்பது மிக எளிய ஒரு சோதனை. இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்திருந்தால் விரியன் நஞ்சு இதுவரை இரத்தத்தில் வேலையைக் காட்டவில்லை என்று கொண்டு, தொடர்ந்து கண்காணிப்பில் வைத்து, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் சோதிப்பார்கள். உறையாமல் நீர்போல் ஓடினால் நஞ்சுமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும்.

இந்தச் சோதனையின் உயிரே அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. கண்ணாடிச் சுவரைத் தொடுவதுதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயானாலும், சோப்புத் தூளால் கழுவி அதன் படிவு சுவரில் ஒட்டியிருந்தாலும், நல்ல இரத்தமும் உறையாமல் நின்று பொய் சொல்லும். அன்று 20 நிமிடம் கழித்துச் சாய்த்தபோது இரத்தம் ஓடியது. டியூட்டி டாக்டர் நஞ்சுமுறிவு மருந்தில் பத்துக் குப்பி எழுதிவிட்டு, சிவப்புப் பகுதிக்கு வந்த ஒரு நெஞ்சுவலிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கண்ணால் கண்ட முடிவுக்கு ஏற்பவே அவர் எழுதினார். நான் குப்பிகளில் இருந்த மருந்தைக் கரைக்கத் தொடங்கினேன். நஞ்சுமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரியும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். தேவைப்படுகிறவருக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம், தேவைப்படாதவருக்கு அது வீண் ஆபத்து.

அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்து நின்றார். நின்றாரே தவிரப் பேசவில்லை. என்ன என்றேன். “அந்தக் கண்ணாடிக் குழாயக் காத்தால நான்தான் சோப்புத் தூள் போட்டுக் கழுவி வெச்சேன் சிஸ்டர். போன தடவ இதுக்குன்னு புதுசு உடைச்சீங்களே, அதான் கேட்டேன். இதுல ஏதாச்சும் கோளாறு ஆவுமா?” என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. கழுவிய குழாய்களும் புதிய குழாய்களும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன; அதை நானும் பார்க்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ஒரு நொடி எரிச்சலோடு பார்த்தார், பிறகு, “புதுக் குழாயில் இன்னொரு தடவை போடுங்க” என்றார். 20 நிமிடத்தில் இரத்தம் கெட்டியாக உறைந்தது. மறுநாள் வரை திரும்பத் திரும்பச் சோதித்தும் உறைந்துகொண்டேதான் இருந்தது. நஞ்சுமுறிவு மருந்து ஒரு சொட்டும் ஏறாமல் அவர் வீட்டுக்குப் போனார்.

இதில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. அந்த அம்மாள் முன்பொருமுறை கவனித்ததை நினைவில் வைத்திருந்தார். கேட்டால் திட்டு விழாது என்று அவருக்குத் தோன்றும்படி ஒருவர் அங்கே இருந்தார். மூன்றாவது, நடந்தது எதிலும் எழுதப்படவில்லை. கேஸ் ஷீட்டில் முதல் சோதனையின் முடிவு அடிக்கப்பட்டு இரண்டாவது எழுதப்பட்டது, அவ்வளவுதான். நூலிழையில் தப்பிய அந்தத் தவறு, குழாய்களை யார் எப்படிக் கழுவுகிறார்கள் என்ற கேள்வியாக எந்தக் கூட்டத்துக்கும் போய்ச் சேரவில்லை. பக்கத்துத் தாலுகா மருத்துவமனையில் அதே தட்டில் அதே குழாய்கள் கலந்தே கிடந்திருக்கக்கூடும்.

ஏன் எழுதவில்லை என்று இன்று என்னைக் கேட்டால், மெமோ என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவேன். அரசுப் பணியில் இருக்கிறவர்களுக்கு 17(ஏ), 17(பி) என்ற எழுத்துகள் விளக்கம் தேவைப்படாதவை. குடிமைப்பணி ஒழுங்கு விதிகளில், சிறு தண்டனைக்கும் பெருந்தண்டனைக்கும் வழி திறக்கும் பிரிவுகள் அவை; பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது நிலுவையில் ஒன்று இருந்தால் பெயர் நின்றுபோகும். தானாக முன்வந்து, ‘இன்ன தவறு நடக்க இருந்தது, தப்பித்தோம்’ என்று எழுதிக் கொடுப்பது, தன் மேல் வழக்குக்குத் தானே வாக்குமூலம் கொடுப்பதாகவே எங்கள் தலைமுறைக்குத் தோன்றியது. பாதகமான நிகழ்வுகளைப் பதிய வேண்டும் என்று தேசியத் தர உறுதித் தரநிலைகள் கேட்கின்றன. அதற்கென்று பதிவேடும் மேசை மேல் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பக்கங்களைப் புரட்டும்போது அது வெறுமையாக இருந்தால், அந்தப் பிரிவில் தவறே நடக்கவில்லை என்று நம்புகிறவர் அந்த அறையில் ஒருவரும் இருக்க மாட்டார். ஆனாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

வெறுமையான பதிவேடு எதைக் காட்டுகிறது என்பதை 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் தற்செயலாகக் கண்டறிந்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து மருத்துவமனைப் பிரிவுகளை ஒப்பிட்ட அவருக்கு நேர்மாறான விடை வந்தது. குழுவின் உறவு நன்றாக இருந்த பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, கூடுதலாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆகவே ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் இந்த ஆண்டு தவறுகளின் எண்ணிக்கை கூடினால், அதைத் தலைப்புச் செய்தியாக்குவதற்கு முன் பத்திரிகை நண்பர்கள் ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது.

தவறைத் தனியாள் மேல் சுமத்துவதா, அதை நடக்கவிட்ட ஏற்பாட்டைப் பார்ப்பதா என்ற பிரிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். துளையுள்ள பல தடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தடுப்பின் துளை வழியே தவறு நுழைந்தாலும் அடுத்தது நிறுத்திவிடும். எல்லாத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்ட நாளில்தான் நோயாளிக்குத் தீங்கு போய்ச் சேர்கிறது என்பது அவர் தந்த படிமம். அன்று எங்கள் பிரிவில் மூன்று தடுப்புகள் துளையாகிவிட்டன: குழாய்த் தட்டு, நான், டாக்டர். நான்காவது தடுப்பாக நின்றவர் எந்த வரைபடத்திலும் இடம்பெறாதவர்.

சட்டத்தின் அச்சமும் இருக்கிறது. மருத்துவரின் கவனக்குறைவு குற்றமாக வேண்டுமானால் அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறை என்றும், பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் 2 ஆண்டுகள் வரை என்றும் பிரிக்கிறது. அந்தத் தனிச் சலுகை மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு உரியது. அதே கட்டிலருகே நிற்கும் செவிலியரைப் பற்றி அது பேசவில்லை. இப்படியொரு வேறுபாடு இருக்கும்போது, ‘தவறுகளைத் தயங்காமல் தெரிவியுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால் செவிலியர்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

வாசலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு விபத்துக்கு இரண்டு டெம்போ நிறைய ஊரே வரும். அவர்களின் பதற்றம் நியாயமானது, அவர்களுக்கு ஒருவரும் எதுவும் சொல்லாமல் விடுவதுதான் அதைக் கோபமாக்குகிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழகத்தில் 2008 முதலே தனிச்சட்டம் உண்டு. அதற்குப் பின்னும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். அந்த வாரம் இந்தப் பக்கத்து அவசரப் பிரிவுகளிலும் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். தன் உடம்புக்கே பாதுகாப்பில்லை என்று எண்ணுகிறவர், ‘சற்றுமுன் போட்ட அளவு தவறாக இருக்கலாம், சரிபார்க்கிறேன்’ என்று உறவினர்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல மாட்டார். ஊழியர் பாதுகாப்பையும் நோயாளிப் பாதுகாப்பையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருப்பது அலுவலக வசதிக்கு உதவலாம், கட்டிலருகே அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செக்ஸ்டனும் ஹெல்ம்ரைக்கும் மற்றொருவரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீட்டில், களைப்பு தங்கள் வேலையைப் பாதிப்பதில்லை என்று மறுத்த விமானிகள் 26 விழுக்காடு, மூத்த அறுவை மருத்துவர்கள் 70 விழுக்காடு. பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டியின் கடைசியில், விடிகாலை நான்கு மணிக்கு, ‘நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லாத ஹவுஸ் சர்ஜனை நான் பார்த்ததில்லை. நானும் அப்படியே சொன்னவள்தான். அந்த வேளையில் ஒரே அளவில், ஒரே நிறக் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் பொட்டாசியம் குளோரைடு குப்பியும் வடிநீர்க் குப்பியும் கண்ணுக்கு ஒன்றுதான். நீர்க்கச் செய்யாத பொட்டாசியத்தை நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை அவசரத் தட்டிலிருந்தே எடுத்துத் தனிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பிரிவு, ஊழியரின் களைப்பை மதித்து ஒப்புக்கொண்ட பிரிவு. ‘கவனமாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் பிரிவு ஒப்புக்கொள்ளாதது.

மனப்பாங்கு மாறுமா என்றால், சொற்பொழிவால் மாறியதை நான் கண்டதில்லை. சிறு பழக்கங்களால் மாறியதைக் கண்டிருக்கிறேன். வாய்வழி உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு மருந்தை எடுப்பது அவற்றில் ஒன்று. “அட்ரோபின் மூணு ஆம்பூல்” என்று டாக்டர் சொன்னால், “மூணு ஆம்பூல் அட்ரோபின், இப்போ போடறேன் சார்” என்று செவிலியர் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாருக்கும் நாடகம்போல் இருந்தது, ஒரு மூத்த மருத்துவர், “என்ன சிஸ்டர், வாய்ப்பாடா?” என்று கேலி செய்தார். ‘மூணு’ என்றது ‘நூறு’ என்று காதில் விழுந்து நின்ற ஓர் இரவுக்குப் பிறகு, திருப்பிச் சொல்லாவிட்டால் அவரே நிறுத்திக் கேட்கத் தொடங்கினார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 108 வழியாக எங்களிடம் வந்து, பிறகு சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிற நோயாளியின் கதை நான்கைந்து வாய்களில் மாறி வருவது. சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், கொடுத்த நேரம் இருக்காது. ஆம்புலன்ஸ் பணியாளர் பேசி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசாமல் அரை நிமிடம் நின்று கேட்பது என்று ஒரு பிரிவு முடிவெடுத்தால், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியமாக, சந்தேகம் சொன்னவரின் சந்தேகம் தவறாகவே போனாலும், “கேட்டது நல்லதாப் போச்சு” என்று அந்த அறையின் பெரியவர் எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். ஒரு தடவை முகம் சுளித்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 17-ஐ உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாக 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் கடைப்பிடிக்கிறது. ஏறத்தாழ பத்து நோயாளிகளில் ஒருவர் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்குக்கு ஆளாகிறார் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அந்த நாளை ஒட்டி இப்போது சில இடங்களில் வினாப்பட்டியல்களும் தலைகாட்டுகின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்கு அனுபவத்தில் பட்டதைச் சொல்லலாம். படிவத்தைக் கண்காணிப்பாளரே கையில் கொடுத்து அவரே திரும்ப வாங்கினால் எல்லாரும் ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ கட்டத்தில்தான் குறியிடுவார்கள். பெயர் எழுத வேண்டாம் என்றாலும் பதவி, வயது, பணியாண்டு மூன்றையும் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். ‘இந்தப் பிரிவில் பிரச்சினையைப் பேசுவது கடினம்’ என்பதுபோல எதிர்மறையாக அமைந்த வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அவசரத்தில் படிப்பவர் தலைகீழாகக் குறியிடுவார். மதிப்பெண்ணைப் பிரிவு வாரியாகவும் பதவி வாரியாகவும் பிரித்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஒரே எண்ணாகத் தந்தால், மருத்துவரின் 73-உம் செவிலியரின் 33-உம் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்தாலும் ஒரு குறை நிற்கிறது. படிவம் மருத்துவர்களுக்குப் போகிறது, செவிலியர்களுக்குப் போகிறது, சில இடங்களில் ஆய்வக நுட்பநர்களுக்கும் போகிறது. துப்புரவுப் பணியாளர்களும் கட்டில் தள்ளுகிறவர்களும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் மருத்துவமனையின் ஊழியர் பட்டியலில் இருப்பதில்லை. எனவே மனப்பாங்கு அளக்கப்படுகிறவர்களின் பட்டியலிலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ வாயால் கேட்டுக் குறித்துக்கொள்வது பெரிய காரியமில்லை. ஏதாவது தப்பாகப் பட்டால் யாரிடம் சொல்வீர்கள் என்ற ஒரே கேள்வி போதும். நான் அந்த அம்மாளிடம் பிற்பாடு அதைக் கேட்டிருக்கிறேன்.

“உங்ககிட்ட சொல்லுவேன் சிஸ்டர்.”

“நான் லீவுல இருந்தா?”

சற்று நேரம் நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வார்டுப் பக்கம் போய்விட்டார்.